பைக்குக்கு ஆஃப்டர்மார்க்கெட் ஏர் இன்டேக்: அளந்து பார்ப்பதிலிருந்து எண்ணெய் போட்டுப் பராமரிப்பது வரை

நம் ஊரில் அதிகம் ஓடும் ஒற்றை சிலிண்டர் வண்டிகளான கிளாசிக், பல்சர், அப்பாச்சி, டியூக் எல்லாவற்றிலும் முதலில் கைவைக்கப்படுபவை சைலன்சரும் ஏர் ஃபில்டரும்தான். சைலன்சரைத் தவறாக மாற்றினால் சத்தத்தோடு, பிக்கப் குறைவதோடு போய்விடும். ஏர் ஃபில்டர் விஷயத்தில் தப்பு செய்தால் பிஸ்டன், ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) மூன்றும் தேயும். தேய்ந்தது வெளியே தெரிவதற்குள் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கும். பிறகு போர் எடுக்கும் செலவை நினைத்தால், நல்ல ஃபில்டருக்குக் கொடுக்கும் காசு ஒன்றுமே இல்லை.

ஃபில்டரை மாற்றுவதில் தவறில்லை, ஃபில்டர் உட்காரும் பெட்டியான ஏர்பாக்ஸைக் கழற்றிப் போடுவதில்தான் தவறு. இதற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

வண்டி எவ்வளவு காற்று இழுக்கிறது

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை உள்ளே இழுக்கும். அதனால் சிசியைப் பாதியாக்கி ஆர்பிஎம்மால் பெருக்கினால் நிமிடத்துக்கான காற்று கிடைக்கும். ராயல் என்ஃபீல்டின் 349 சிசி ஜே சீரிஸ் இன்ஜின் தன் முழுத் திறனான 20.2 ஹெச்.பி.யை 6,100 ஆர்பிஎம்மில் தருகிறது. அந்த வேகத்தில் கணக்குப்படி நிமிடத்துக்கு 1,064 லிட்டர். சிலிண்டர் பொதுவாக முழுதாக நிரம்புவதில்லை என்பதால் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் சுமார் 850 லிட்டர்.

இதற்கு எவ்வளவு பெரிய ஃபில்டர் வேண்டும்? எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்களுக்கு கே அண்ட் என் நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சூத்திரத்தை நம் அளவுகளுக்கு மாற்றினால் இப்படி வரும்: சிசியை ஆர்பிஎம்மால் பெருக்கி 53,000ஆல் வகுத்தால் தேவையான பரப்பு சதுர சென்டிமீட்டரில் கிடைக்கும். 349 சிசிக்கு 40 சதுர செ.மீ. அதாவது 8 செ.மீ.க்கு 5 செ.மீ. அளவுள்ள தட்டை ஃபில்டரே சராசரிக் கணக்கில் போதும். 650 சிசி இன்டர்செப்டருக்குச் சுமார் 90 சதுர செ.மீ. உங்கள் வண்டியில் கம்பெனி கொடுத்த ஃபில்டரைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இதைவிடப் பெரிதாகவே இருக்கும்.

ஆனால் இது சராசரி. ஒற்றை சிலிண்டர் சீராக மூச்சு விடுவதில்லை. 6,100 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு ஏறத்தாழ 20 மில்லி செகண்ட் ஆகிறது. அதில் உறிஞ்சுவது 5 முதல் 7 மில்லி செகண்ட் மட்டுமே. அந்தச் சின்ன நேரத்தில் காற்று சராசரியைப்போல் மூன்று நான்கு மடங்கு வேகத்தில் பாய வேண்டும். அந்த அவசரத் தேவைக்குச் சேமித்து வைக்கும் இடம்தான் ஏர்பாக்ஸ். மோட்டார் மெல்ல ஏற்றினாலும் மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வருமே, அதே வேலை. ஃபில்டர் வழியே காற்று நிதானமாக உள்ளே வந்துகொண்டிருக்கும், இன்ஜின் பெட்டியிலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். பெட்டியைத் தூக்கிவிட்டு கார்புரேட்டர் வாயிலேயே சின்ன கோன் (கூம்பு வடிவ) ஃபில்டரை மாட்டினால், மூன்று நான்கு மடங்கு வேகமும் நேராக அந்தச் சின்ன ஃபில்டர் மேல் விழும். காற்று தாராளமாகப் போகும் என்று வாங்கிய பொருளே அடைப்பாகிவிடுகிறது.

ஏர்பாக்ஸ் செய்யும் வேலை இன்னும் இருக்கிறது. பெட்டியின் கொள்ளளவும், காற்று நுழையும் மூக்குக் குழாயின் நீளமும் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் இழுவை கூடும்படி அமைக்கப்பட்டவை. ஜே சீரிஸ் இன்ஜினின் உச்ச டார்க் 27 நியூட்டன் மீட்டர் 4,000 ஆர்பிஎம்மில் வருகிறது. கிளாசிக் ஓட்டுபவர் நாள் முழுதும் 2,500 முதல் 4,000 வரைதான் ஓட்டுகிறார். மூக்குக் குழாயை வெட்டினால் 5,500க்கு மேல் துளி கிடைக்கலாம், 3,000ல் இழுவை போய்விடும். தினமும் ஓட்டும் இடத்தில் நஷ்டப்பட்டு, எப்போதாவது தொடும் இடத்தில் லாபம் பார்ப்பது நல்ல பேரம் அல்ல.

மூன்றாவது சங்கதி வெப்பம். காற்றின் வெப்பநிலை 3 டிகிரி கூடினால் அடர்த்தி ஏறக்குறைய 1 விழுக்காடு குறையும். மே மாதத்து 38 டிகிரியில் ஏர்பாக்ஸ் வெளிக்காற்றை எடுக்கிறது. இன்ஜினுக்குப் பின்னால் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர், கிண்டி சிக்னலில் நிற்கும்போது 60 டிகிரி காற்றை இழுத்தால் அடர்த்தியில் 6 விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். எந்த ஃபில்டரும் அதை ஈடுகட்டாது.

அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள்

கம்பெனி ஃபில்டர் உண்மையிலேயே அடைக்கிறதா என்பதை நூறு ரூபாய்க்குள் கண்டுபிடிக்கலாம். மீன் தொட்டிக்கு வாங்கும் 4 மி.மீ. டியூப் 2 மீட்டர், ஒரு பலகை, கொஞ்சம் கலர் கலந்த தண்ணீர் இருந்தால் போதும். டியூபை யு வடிவில் வளைத்துப் பலகையில் ஒட்டுங்கள். இரு பக்கமும் தண்ணீர் மட்டத்துக்கு மேல் 40 செ.மீ.யாவது காலி டியூப் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும். பாதுகாப்புக்கு நடுவில் ஒரு சின்ன காலி பாட்டிலையும் இணைத்துவிடுங்கள்.

ஒரு முனை திறந்தே இருக்கட்டும். மற்ற முனையை ஏர்பாக்ஸின் சுத்தமான பக்கத்தோடு, அதாவது ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் (முறுக்கும்போது திறக்கும் காற்று வாய்) நடுவே உள்ள பகுதியோடு இணைக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் புகையைச் சுத்தம் செய்யக் காற்று அனுப்பும் சின்ன ஹோஸ் ஒன்று அங்கிருந்துதான் கிளம்பும். சோதனை நேரத்துக்கு மட்டும் அதைக் கழற்றி, வால்வு பக்கத்தை ரப்பர் மூடியால் அடைத்துவிட்டு, பெட்டிப் பக்கத்து முனையில் டியூபைச் செருகலாம். ஒற்றை சிலிண்டரில் தண்ணீர் துடிக்கும். டியூபில் ஓரிடத்தை கிளிப்பால் லேசாக நசுக்கினால் அடங்கும். டாங்க் மேல் பலகையைக் கட்டி போனில் வீடியோ ஓடவிட்டு, வாகனம் இல்லாத நேரான சாலையில் மூன்றாவது கியரில் முழுமுறுக்கு கொடுங்கள். ஓட்டும்போது பார்க்காதீர்கள், வீடியோவில் பாருங்கள். டைனோ (வண்டியை நிறுத்தியபடி ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) கிடைத்தால் அதில் செய்வது இன்னும் நல்லது.

இரு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 செ.மீ. என்றால், காற்றழுத்தத்தில் சுமார் 1 விழுக்காடு தடை என்று பொருள். மூக்குக் குழாய், ஃபில்டர் இரண்டும் சேர்ந்த தடை அது. தடையே இல்லாத ஃபில்டரைப் போட்டாலும் கூடுவது அதிகபட்சம் அந்த 1 விழுக்காடு, 20 ஹெச்.பி. வண்டியில் 0.2 ஹெச்.பி. அளவு 4, 5 செ.மீ.க்குள் நின்றால் ஃபில்டரில் காசு போட வேண்டாம். பழைய ஃபில்டரில் 25 செ.மீ. காட்டி, புதிய கம்பெனி ஃபில்டரில் 8ஆகக் குறைந்தால் வண்டிக்கு வேண்டியது இன்டேக் அல்ல, நேரத்துக்குச் சர்வீஸ்.

வகைகளும் அவற்றின் குணமும்

காகித ஃபில்டர்தான் தூசியை மிக நன்றாகப் பிடிக்கும். ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற தரமுறை இருக்கிறது. தூசி பிடிக்கும் திறன், காற்றுத் தடை, எவ்வளவு தூசி தாங்கும் என்ற மூன்றையும் அது அளக்கும். நல்ல காகிதம் பொதுவாக 99 விழுக்காட்டுக்கு மேல் வரும். எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டர்களுக்கு 96 முதல் 99 வரை சொல்லப்படுகிறது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். உள்ளே போகும் தூசியைக் கணக்கிடுங்கள்: 99 பிடித்தால் 1 பங்கு உள்ளே போகிறது, 97 பிடித்தால் 3 பங்கு போகிறது. மூன்று மடங்கு. செங்கல் சூளைப் பக்கமும், தூத்துக்குடி தேரிக் காட்டுச் செம்மண்ணிலும், வேலை நடக்கும் நான்குவழிச் சாலையிலும் தினமும் ஓட்டுபவர் காகிதத்தையே வைத்துக்கொண்டு பாதிக் காலத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் சரி. நம் கம்யூட்டர் வண்டிகள் பலவற்றில் வருவது எண்ணெய் ஊறிய விஸ்கஸ் காகிதம். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது. ஊதினால் எண்ணெய்ப் படலம் கலைந்து தூசி உள்ளே போகும். அழுக்கானால் மாற்றிவிட வேண்டியதுதான்.

எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டரில், கம்பெனி ஃபில்டர் இருந்த அதே இடத்தில் அதே அளவில் உட்காரும் ரகம்தான் நாங்கள் பரிந்துரைப்பது. கே அண்ட் என், டிஎன்ஏ, பிஎம்சி மூன்றும் இவ்வகையில் பெயர் பெற்றவை. கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம், அழுக்கேறினாலும் காற்றுத் தடை மெதுவாகத்தான் கூடும். நெடுந்தூரம் ஓட்டுபவருக்குக் காசும் மிச்சம். சக்தி கூடும் என்று வாங்காதீர்கள், நீண்ட காலம் உழைக்கும் என்று வாங்குங்கள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் மண் பாதை ஓட்டத்துக்கானது. எண்ணெய் ஒழுங்காக ஊறியிருந்தால் ஏராளமான தூசியைத் தாங்கும். எண்ணெய் காய்ந்துவிட்டால் பயனே இல்லை. அடிக்கடி கழுவப் பொறுமை இல்லாதவர் இதன் பக்கம் போக வேண்டாம்.

திறந்த மூடி ரகம் என்று ஒன்று உண்டு. ஏர்பாக்ஸ் அப்படியே இருக்கும், மூடி மட்டும் பெரிய வாயோடு வரும். இன்டர்செப்டருக்கு டிஎன்ஏ இப்படி ஒன்று தருகிறது. சைலன்சரையும் மாற்றி, ஃப்யூவல் மேப்பும் (எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்ற அட்டவணை) செய்யப் போகிறவருக்கு மட்டும் இது பொருந்தும்.

கோன் ஃபில்டர் பற்றி மேலே சொன்னதே போதும். டிராக்கில் மட்டும் ஓடி, டைனோவில் ட்யூன் செய்த வண்டிக்கு அது சரி. வடகிழக்குப் பருவமழையில் வேளச்சேரித் தண்ணீருக்குள் போகும் வண்டிக்கு நிச்சயமாகக் கூடாது. முன் சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக ஃபில்டரில் விழும். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

வாங்கும்போது போலியைக் கவனியுங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான். மடிப்புகள் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எங்கும் ஊசித் துளை தெரியக் கூடாது. ஓர ரப்பர் மிருதுவாக, பிசிறில்லாமல் இருக்க வேண்டும். பார்ட் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல், ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டிக்கு பிஎஸ்4, பிஎஸ்6 என்ற புகை விதிகளுக்கேற்ப ஃபில்டர்கள் வேறாக இருக்கலாம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி வண்டியைத் தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக மாற்றக் கூடாது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஏர்பாக்ஸை வெட்டினால் வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். கழற்றிய கம்பெனி பாகங்களை விற்றுவிடாதீர்கள்.

பெட்ரோல் கணக்கு: கார்புரேட்டரும் இன்ஜெக்‌ஷனும்

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். முழு எரிப்புக்கு, எடைக் கணக்கில், எத்தனால் கலக்காத பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று. முழுமுறுக்கில் நல்ல சக்திக்கு 12.5 முதல் 13.2 வரை வேண்டும். இதைவிடப் பெட்ரோல் குறைந்தால் லீன்: கால் முறுக்கில் தயங்கும், ஒரே வேகத்தில் போகும்போது இழுத்து இழுத்து விடும், முறுக்கை விட்டதும் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கும், இன்ஜின் சூடு ஏறும். கூடினால் ரிச்: பிளக் கறுக்கும், பெட்ரோல் வாடை வரும், மைலேஜ் விழும்.

கார்புரேட்டர் வண்டியில், பெட்டியை வைத்துக்கொண்டு ஃபில்டரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் ஜெட்டை (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளை) தொட வேண்டியிருக்காது. ஐட்லிங் கலவை ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினாலே போதும். மூடியைத் திறந்துவிட்டால் மெயின் ஜெட் ஒன்றிரண்டு சைஸ் ஏற்ற வேண்டும். நடு முறுக்கில் லீன் என்றால் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்குங்கள். ஊசி மேலே ஏறி பெட்ரோல் கூடும். பள்ளமில்லாத ஊசி என்றால் அதன் தலைக்கு அடியில் 0.5 மி.மீ. வாஷர் வைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்யுங்கள். சரிபார்க்க, புதுப் பிளக் போட்டு மூன்றாவது கியரில் முழுமுறுக்கில் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து கில் சுவிட்சை அணைத்து, ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தால் சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன், கரி என்றால் ரிச்.

ஜே சீரிஸுக்கு முந்தைய யுசிஇ இன்ஜின் கொண்ட கிளாசிக் 350, பல பல்சர்களில் உள்ளது சிவி வகை கார்புரேட்டர். அதில் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குவது கேபிள் அல்ல, காற்றழுத்த வித்தியாசம். ஏர்பாக்ஸ் பக்கத்து வாயின் ஓரத்தில் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்று, ஸ்லைடோடு இணைந்த ரப்பர் படலமான டயாஃப்ரத்துக்குக் கீழே காற்று கொடுப்பது. கோன் ஃபில்டரின் ரப்பர் கழுத்து அந்தத் துளையை மூடிவிட்டால் ஸ்லைடு மேலே ஏறாது. மெக்கானிக் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பார், வண்டி 60க்கு மேல் போகாது. குற்றம் ஜெட்டில் இல்லை, ரப்பரில் இருக்கிறது.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் சீரான ஓட்டத்தில் முழு எரிப்பு விகிதத்தை நோக்கித் தானாகத் திருத்திக்கொள்ளும். முழுமுறுக்கில் அதன் பேச்சு எடுபடாது, ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன்னிடமுள்ள மேப்பைத்தான் பின்பற்றும். பைக்குகளில் காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் பொதுவாகக் கிடையாது. திராட்டில் நிலை, அழுத்தம், வெப்பநிலை கொண்டு ஈசியு ஊகிக்கிறது. அதே இடத்தில் உட்காரும் ஃபில்டரின் சின்ன வித்தியாசத்தை மேப் தாங்கும். மூடியைத் திறந்தாலோ பெட்டியை எடுத்தாலோ பவர்ட்ரானிக், பவர் கமாண்டர் போன்ற மின்னணுப் பெட்டி வைத்து டைனோவில் மேப் செய்தே ஆக வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் இன்டேக்கின் விலையைக் கணக்கிட வேண்டும்.

நீலகிரி ஏறுபவர்கள் கவனிக்க: ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவு. சென்னையில் சற்று ரிச்சாக வைத்த கார்புரேட்டர் அங்கே கரி கக்கும். இன்ஜெக்‌ஷன் தானே சரிசெய்துகொள்ளும்.

பொருத்தும் முறை

1. திறப்பதற்கு முன்பே ஏர்பாக்ஸைச் சுற்றித் துடையுங்கள். மூடியைக் கழற்றும்போது விழும் மண்தான் முதலில் உள்ளே போவது.

2. பழைய ஃபில்டரை எடுத்ததும் திராட்டில் வாயைச் சுத்தமான துணியால் அடையுங்கள். எடுக்க மறக்காதபடி துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும்.

3. பெட்டியின் உள்ளே ஈரத் துணியால் துடையுங்கள். சுத்தமான பக்கத்தில் ஏற்கெனவே தூசி இருந்தால் பழைய கசிவு இருக்கிறது. ரப்பர் பூட், மூடியின் விரிசல், ஸ்க்ரூ துளைகளைப் பாருங்கள்.

4. கிராங்க் கேஸிலிருந்து (இன்ஜினின் கீழ்ப்பகுதி) வரும் பிரீதர் ஹோஸைப் பாருங்கள். இதை ஒருபோதும் அடைக்கக் கூடாது. அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் ஒழுகும். ஹோஸ் வழியாக ஆயில் பெட்டிக்குள் சேர்ந்திருந்தால் ஆயில் அளவு அதிகமாக ஊற்றப்பட்டிருக்கலாம்.

5. புது ஃபில்டரின் ஓர ரப்பரில் மெல்லிய கிரீஸ் தடவி உட்காரவையுங்கள். நான்கு மூலையும் ஒரே ஆழத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தூசி நுழைவது பெரும்பாலும் ஃபில்டர் வழியாக அல்ல, ஓரம் வழியாக.

6. பெட்டியின் சுத்தமான பக்கச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு மிக மெல்லிய கிரீஸ் பூசுங்கள். துணியை எடுத்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள். பிளாஸ்டிக் மூடி என்பதால் ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாக, கைப்பிடி அளவுக்கு மட்டும் முறுக்குங்கள்.

200 கி.மீ. ஓட்டிய பிறகு மூடியைத் திறந்து அந்தக் கிரீஸை வெள்ளைத் துணியால் துடையுங்கள். நறநறவென்று மண் தென்பட்டால் எங்கோ ஓரத்தில் கசிகிறது. கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் முறை திராட்டிலுக்கும் இன்ஜினுக்கும் இடையே உள்ள கசிவைத்தான் காட்டும், ஏர்பாக்ஸ் கசிவை அது காட்டாது. பலரும் இங்கே ஏமாறுகிறார்கள்.

கழுவுவதும் எண்ணெய் போடுவதும்

பஞ்சு ஃபில்டரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, ஓர ரப்பர் ஊதிப்போகும். அதற்கான கிளீனரை இரு பக்கமும் அடித்து 10 நிமிடம் விடுங்கள், காயவிடக் கூடாது. மெல்லிய தண்ணீரை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிடுங்கள். எதிர்ப்பக்கமாக விட்டால் அழுக்கு பஞ்சுக்குள் போய் உட்காரும். கம்ப்ரஸர் காற்று வேண்டாம், பஞ்சு கிழியும். வெயிலிலும் வேண்டாம், நிழலில் முழுதாகக் காயட்டும். ஈரத்தோடு எண்ணெய் போட்டால் அந்த இடத்தில் எண்ணெய் பிடிக்காது, தூசி நேராகப் போகும்.

ஃபில்டர் எண்ணெயை ஒவ்வொரு மடிப்பின் உச்சியிலும் ஒரே ஒரு கோடு போட்டு 20 நிமிடம் விடுங்கள். நிறம் சீராகப் பரவ வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் இன்னும் ஒரு துளி. எண்ணெய் சொட்டினால் அதிகம், காற்று அடைபடும், திராட்டில் வாயில் பிசுக்கு சேரும். இன்ஜின் ஆயில், தேங்காயெண்ணெய் எதுவும் இதற்கு மாற்றாகாது. அவை கீழே வழிந்து இறங்கிவிடும், பஞ்சின் மேல்பாதி காய்ந்துபோகும்.

ஒரு வருடம் ஓடிய பிறகும் சந்தேகம் இருந்தால், அடுத்த ஆயில் மாற்றத்தின்போது கொஞ்சம் ஆயிலைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி சிலிக்கான் அளவைக் கேளுங்கள். சாலைத் தூசியில் இருப்பது அதிகமும் சிலிக்காதான். புதிய ஆயிலிலும் கொஞ்சம் சிலிக்கான் இருக்கும், கேஸ்கெட் பேஸ்டிலிருந்தும் வரும் என்பதால் திறக்காத டப்பாவின் ஆயிலையும் ஒப்பீட்டுக்கு அனுப்புவது நல்லது. சிலிக்கானோடு இரும்பும் அலுமினியமும் சேர்ந்து ஏறியிருந்தால், ஃபில்டரை எடுத்துவிட்டுக் கம்பெனி காகிதத்தையே திரும்பப் போட்டுவிடுங்கள்.